பிறேக் எந்தக் காலில்

ஹியூபேட்டிடம் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒரு மகளும் இருந்தாள். இந்த மூன்றில் அவருக்கு எது முதல், எது கடைசி என்பது கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். முதலில் பீ.எஸ்.ஏ. அடுத்தது ஹொண்டா. அதற்கும் பிறகு மனம் மிஞ்சினால் ஷெரோமி.

பீ.எஸ்.ஏ.யை ஹியூபேட்டின் தகப்பன், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினார். திராட்சைரச நிறத்தில் டாங்கி, முகம் பார்க்கலாம் போல் வெள்ளி மினுக்கம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஹியூபேட் அதைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். துடைக்கிற துணி ஷெரோமியின் தாயுடைய சேலை. அவள் செத்து ஆண்டுப் பூசை வருவதற்குள்ளேயே கிழித்துவிட்டார்.

அந்த வண்டியில் ஒரு சங்கதி இருந்தது. இந்தக் காலத்து வண்டிகளில் கியர் இடது காலுக்கு, பிறேக் வலது காலுக்கு. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டியில் அது தலைகீழ். புது வண்டியில் பழகியவன் அவசரத்துக்கு வலது காலை அமத்தினால் வண்டி நிற்காது. ஒரு கியர் ஏறும். இன்னும் பலமாக அமத்தினால் இன்னொரு கியர் ஏறும்.

அபிஷன் வெள்ளவத்தைப் பையன். கம்பியூட்டர் கம்பனியில் வேலை. ஷெரோமி வேலை செய்யும் பல் கிளினிக்குக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வந்து, பல் போன பிறகும் வந்துகொண்டிருந்தவன். மோட்டார் சைக்கிள் லைசன் எடுத்த கையோடு அவனுக்கு ஓர் ஆசை பிடித்தது: பழைய வண்டி ஒன்று வேண்டும். அவனுடைய கம்பனிக்காரர்கள் நாலைந்து பேர் பழைய வண்டிகளில் நீர்கொழும்புக்குப் போய்வந்து படம் போடுகிறார்கள். தானும் போட வேண்டும்.

கலியாணப் பேச்சை ஷெரோமி தகப்பனிடம் எடுத்தபோது அவர் சிரித்தார்.

"பழைய பைக் தேடுறானாமே, வரச் சொல்லு. ரெண்டையும் காட்டுறன், விரும்பினதை எடுக்கட்டும். எடுக்கிற விதத்தில ஆளைக் கண்டுபிடிச்சிருவன். கேட்டு விசாரிச்சு ஏறுறவன் எண்டால் உன்னையும் தாறன்."

"உண்மையாவா பப்பா?"

"உண்மையா. ஆனா நீ வாயைத் திறக்கப்படாது. பிறேக் எந்தக் காலில எண்டு உன்ட வாயால ஒரு சொல் வந்துதோ, கோயிலும் இல்லை, கலியாணமும் இல்லை. விளங்கிச்சா?"

"விளங்கிச்சு."

முன்பும் ஒருவன் வந்தான். முகத்துவாரத்து றொஹான். அவன் எல்லாவற்றையும் கேட்டான். ஆட்டிறைச்சி வாங்குகிறவன் போல் இரண்டு வண்டியையும் அமத்திப் பார்த்து, "எனக்கு ஹொண்டா போதும் அங்கிள்" என்றான். ஹியூபேட் ஒழுங்கை கேட்கக் கத்தினார்: "பீ.எஸ்.ஏ.யைத் தொடப் பயந்தவனுக்கு என்ட பிள்ளை எதுக்கு? போடா, பயந்தாங்கொள்ளி!" றொஹான் இப்போது கட்டாரில் பெண்சாதி பிள்ளையோடு இருக்கிறான். அது ஷெரோமிக்கு மறந்துபோகவில்லை. ஆனாலும் அது வேறு, இது வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆசை கண்ணை மறைத்தால் பள்ளமும் மேடாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையோரக் கல்லில் இருந்தபடி அவள் பேச்சை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"அபி, நாளைக்கு ஏறுறதுக்கு முதல் பப்பாட்ட எல்லாத்தையும் கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"எல்லாத்தையும். பழைய சாமான்தானே."

"யூடியூபில நான் பார்க்காத பைக்கா? நீ ஸ்கூட்டிக்குப் பின்னால இருந்தே மாதாவைக் கூப்பிடுற ஆள். பேசாம இரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள்.

ஞாயிறு பூசை விட்டதும் ஒழுங்கை கூடிவிட்டது. கராஜ் பிறெடி பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து முன்வரிசையில் போட்டு உட்கார்ந்தான். ஹியூபேட் ஹொண்டாவை ஒரே உதையில் ஸ்ராட் பண்ணிக் காட்டி, உடனேயே நிற்பாட்டினார்.

"இது கழுதை, மகன். சொன்னதைக் கேக்கும். தபால்காரனுக்கு நல்லது."

பிறகு பீ.எஸ்.ஏ.யின் மேலிருந்த போர்வையை இழுத்தார். அபிஷனின் வாய் திறந்தபடி நின்றது. அவன் ஹொண்டா பக்கம் திரும்பவே இல்லை.

"அங்கிள், இதுதான்."

"கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லையா மகன்?"

ஷெரோமி குளிர்பானத் தட்டோடு வாசலில் நின்றாள். கேள், கேள் என்று அவள் நெஞ்சு அடித்தது.

"ஓம், ஒண்டு இருக்கு அங்கிள்," என்றான் அபிஷன். "டாங்கிக்கு இது ஒறிஜினல் பெயின்றா?"

பிறெடி கதிரையில் சாய்ந்து கால் இரண்டையும் தூக்கிச் சிரித்தான். "ஐயோ மல்லி, என்ட தம்பி! ஷோக்கான கேள்வி!"

அபிஷன் உதைத்தான். கிக்கர் திருப்பி அவன் கெண்டைக்காலில் அடித்தது. சிறுசுகள் எல்லாம் கைதட்டின. ஹியூபேட்டே உதைத்து எஞ்சினை உயிர்ப்பித்தார்.

"ஷெரோமி, ஹெல்மெட்டைக் குடு," என்றார்.

அவளே மாட்டிவிட்டாள். நாடிக்குக் கீழே வாரைப் பிடித்தபோது அவளுடைய வாய் அவன் காதுக்கு அவ்வளவு கிட்ட இருந்தது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. தகப்பன் மட்டும் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன கை நடுங்குது?" அபிஷன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "சத்தம் கேட்டாலே பொம்பிளையளுக்குக் காய்ச்சல். இறுக்கிக் கட்டு, பிறகு போய்ச் சோத்தைப் பார்."

ஆண்கள் சிரித்தார்கள். ஷெரோமி இறுக்கிக் கட்டினாள். மிச்ச வாரையும் இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் விலகி நின்றாள்.

"கிளட்சைப் பிடி மல்லி, கியரை நான் போட்டுத்தாறன். புது ஆள்தானே," என்று பிறெடி குனிந்து, வலது பக்கத்து லீவரைக் கையால் தூக்கிவிட்டான். அபிஷன் கீழே பார்க்கவில்லை. படம் எடுத்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒழுங்கை கொச்சிக்கடைப் பக்கமாக இறங்கும். அடியில் ஒரு பழைய பண்டகசாலை மதில். அதில் வழி இடப்பக்கம் மடங்கும். வண்டி அழகாகத்தான் போனது. பாதிவழியில் அவனுடைய வலது கால் அமத்துவதை ஷெரோமி கண்டாள். வண்டி துள்ளியது. வேகம் கூடியது. அவன் மறுபடி அமத்தினான். முன் பிறேக்கைத் தொடாதே, வழுக்கும் என்று லைசன் பழக்கியவன் சொன்னதை அவன் அந்த நேரத்திலும் மறக்கவில்லை போலும். வலது கால், மறுபடி வலது கால்.

"இடது காலை அமத்துங்கோ! இடது கால்!"

அவளுடைய குரல் எஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் போனதா தெரியவில்லை. பிறகு மதில்.

எல்லோரும் ஓடினார்கள். எல்லோருக்கும் முதலில் ஹியூபேட் ஓடினார். சுருண்டு கிடந்தவனைத் தாண்டிப் போய் பீ.எஸ்.ஏ.யை நிமிர்த்தி, டாங்கியைத் தடவினார்.

"நசிஞ்சு போச்சே. என்ட ராசாத்தி, நசிஞ்சு போச்சே."

அபிஷனின் வலது முழங்கால் இருந்த விதத்தைப் பார்க்க முடியவில்லை. முன்பல் இரண்டும் இல்லை. அவன் ஷெரோமியைப் பார்த்தான். அவள் கத்தியது அவனுக்குக் கடைசியில் கேட்டிருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியுமா?" என்றான், இரத்தத்தினூடாக.

"ஓம்."

திரீவீலில் தூக்கி ஏற்றியபோது அவளும் ஏறப் போனாள். அவன் நல்ல காலை நீட்டி வாசலை மறித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த ஹியூபேட் கை கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். "பார்த்தியா? ஒரு சொல் கேட்டானா? பெயின்றாம், பெயின்ற்!"

"றொஹான் கேட்டவர்தானே பப்பா."

ஹியூபேட் பிளேற்றைத் தன் பக்கம் இழுத்தார்.

"சோத்தைப் போடு."

அடுத்த கிழமை அபிஷனின் தாய் யோகேஸ்வரி வெள்ளவத்தையிலிருந்து திரீவீலில் வந்தாள். உள்ளே வரவில்லை. கேற்றடியில் நின்றபடி ஹெல்மெட்டை நீட்டினாள். அதன் வார் குறுக்காக வெட்டப்பட்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில கழட்ட ஏலாமப் போச்சு. வெட்டித்தான் எடுத்தவை," என்றாள். "நீர்தானாம் கட்டிவிட்டது. நல்ல இறுக்கமாத்தான் கட்டியிருக்கிறீர் பிள்ளை."

"அன்ரி, அபி எப்பிடி இருக்கிறார்?"

யோகேஸ்வரி திரீவீல்காரனிடம் சிங்களத்தில் "யமு" என்றாள். அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் திருப்பிக்கொண்டு போனான்.

முற்றத்தில் பிறெடி டாங்கியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தியிருந்த ஹியூபேட் ஹெல்மெட்டை வாங்கி, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டினார்.

"ஓடு பழுதில்லை. வாரைத் தைச்சு வை மகள், அடுத்தவனுக்கு உதவும்."

ஷெரோமி உள்ளே போய்த் தாயின் தையல் பெட்டியை எடுத்தாள். தடித்த ஊசியாகத் தேடி, நூலை இரட்டையாகக் கோத்து, வெட்டிய இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்தாள். முடித்ததும் தன் தலையில் மாட்டி, நாடிக்குக் கீழே கட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

அறவில்லை.