முன் இருக்கையில் அத்தான்

வெளிநாட்டு வேலைக்கு வந்திறங்கி, விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் புறப்பட்ட வேனில் நாங்கள் நான்கு பேர். ஸ்டீயரிங்கில் டிரைவர், நம் பாஷைக்காரர். அவர் பக்கத்தில் அத்தான், என் அக்காவின் கணவர், பெயிண்டர். நடு இருக்கையில் சன்னலோரம் நான், பாய்லர் ஆபரேட்டர். கடைசியில் பெட்டியோடு பெட்டியாக ஒரு சமையல்காரர். ஏறியதுமே தூங்கிவிட்டார்.

உண்மையில் முன்னால் உட்கார வேண்டியவன் நான். எங்களை அழைத்துப்போக வந்த கம்பெனி ஆள் கையிலிருந்த தாளைப் பார்த்து, "நீங்க முன்னாடி, நீங்க நடுவுல" என்று கைகாட்டி, தாளை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் இறங்கி அத்தானுக்கு இடம் விட்டேன். அக்கா புருஷனைப் பின்னால் வைத்து நான் முன்னால் கால் நீட்டிக்கொண்டு போவது முறையா?

"உங்க அக்கா வீட்ல எனக்குக் கடைசி வரிசைதான். இங்கயாவது முன்னாடி உக்காருறேன் மச்சான்" என்றார் அத்தான்.

அரை மணியில் ஓட்டல் என்றிருந்தார்கள். முக்கால் மணி கழித்து வேன் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றது. காவலாளி தாளை வாங்கிப் பார்த்தான். முன் கதவைத் திறந்து, இறங்கு என்று விரலை அசைத்தான்.

"எல்லாருக்கும் சேத்து நானே கையெழுத்துப் போட்டுட்டு வரேன்" என்று அத்தான் இறங்கினார். மூத்தவர் செய்கிற வேலைதானே என்று நானும் இருந்துவிட்டேன். கேட் மூடியது. வேன் நகர்ந்தது.

"அண்ணே, அவரு இன்னும் வரலையே."

"அவருக்கு இங்கதான். பாய்லருக்கு ஆளில்லாம மூணு நாளா நிக்குது."

"பாய்லர் ஆள் நான். அவரு பெயிண்டர்."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தாள்ல பேரா போட்டிருக்கான்? முன் சீட் பாய்லர், அவ்வளவுதான்."

"வண்டியத் திருப்புங்க."

"பாஸ் இல்லாம உங்கள உள்ள விடமாட்டான். நான் வாயத் திறந்தா நாளைக்கு நான் இருக்கமாட்டேன்."

"முன்ன இருந்த ஆபரேட்டர் எங்க?"

"அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

ஓட்டல் போனிலிருந்து கம்பெனி எண்ணுக்கு எட்டு முறை அடித்தேன். எடுப்பாரில்லை. அத்தானின் கைப்பேசியோ என் பையில் கிடந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. தெரியாது என்ற சொல் அத்தான் வாயில் வராது. அக்காவின் மிக்ஸியைப் பிரித்து மாட்டி மூன்று திருகாணியை மிச்சம் வைத்தவர் அவர். மிக்ஸி வெடிக்காது.

ஷிப்ட் ஆட்களை ஏற்ற மாலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் போவதாகவும், கடிதம் என்றால் கொடுத்துவிடுவதாகவும் டிரைவர் ஒப்புக்கொண்டார். மூன்றாம் மாடி அறையில், ஓட்டல் தாளில் எழுதினேன்.

"அன்புள்ள அத்தானுக்கு, நலம் விசாரிக்க நேரமில்லை. எதையும் பற்றவைக்காதீர்கள். பற்றவைத்தாயிற்று என்றால் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். பாதிக்குத் தண்ணீர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். காய்ந்து சிவந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் அறையே மிஞ்சாது. தீயை அணைத்துவிட்டு வெளியே ஓடுங்கள். மேலே இருக்கும் வால்வு சீறினால் சீறட்டும், அதைத் தொடாதீர்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மானம் போய்விடாது."

இன்னும் இரண்டு பத்தி மனதில் இருந்தது. தலை நிமிர்ந்தேன். கூரைகளுக்கு அப்பால் அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கியில் புகை எழுந்துகொண்டிருந்தது. கன்னங்கரேலென்ற புகை. எரிக்கத் தெரிந்தவன் பற்றவைத்தால் அப்படி வராது.

அத்தோடு நிறுத்தினேன். உறையின் மேல் 'பாய்லர் அறையிலுள்ள பெயிண்டருக்கு, உடனே' என்று எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினேன். டிரைவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணி நாலே முக்கால். வேன் சாலையில் ஏறியது.