நின்று வாசிக்கும் ஸ்டீல் கிதாரும் நான் எழுந்த காரணமும்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. எங்கள் சபையின் வட்டார மூப்பர் குழுவுக்கு நான் எழுதவேண்டிய பதில் இது. இரண்டு வரி போதும் என்றார்கள். இப்போது சமையலறை மேசைமேல் பதினேழு தாள் கிடக்கிறது. பதிலை மட்டும் காணோம்.

கேள்வி ஒன்றுதான். "மார்ச் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில் முதலில் எழுந்து நின்றவர் நீர். எதனால் எழுந்தீர்?"

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கொடுக்கவேண்டும். இன்று சனிக்கிழமை. மணி எட்டாகிறது.

என் பெயர் ரோசெல் காஸ்கின். சர்க்கரை ஆலையில் கொதிகலன் பழுது பார்க்கிறவன். ஐம்பத்து நான்கு வயதில்தான் எழுத்துப் படித்தேன், செவ்வாய்க்கிழமைகளில், நூலகத்தில். இரும்பைப் பற்றவைத்ததில் பிசகு வந்தால் அரத்தைப் போட்டுத் தேய்த்துவிடலாம். எழுதினதில் அது நடக்காது. அடித்தாலும் அடியில் தெரிகிறது. அதனால் அடித்ததையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் ஆரம்பம்: "ஆவியானவர் அந்தக் காலை வேளையில் என்னை"

(நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: "எங்கள் ஒகீச்சோபீ ஏரிக்கரையில் கரும்புக்காடு எரிகிற மாதம். வானத்திலிருந்து கரிச்சருகு மழைபோல இறங்கி, தோய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டைகளின்மேல்"

(நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழு என்னிடம் வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை.)

மூன்றாவது: "வஸ்திக்கு இடுப்பு போய்விட்டது."

இதில் அடிக்க ஒன்றுமில்லை. இங்கிருந்தே போகிறேன்.

3

வஸ்தி பர்ரோஸ் எங்கள் சபையில் முப்பத்தொரு வருஷமாக ஸ்டீல் கிதார் வாசிக்கிறவள். மற்ற சபைகளில் ஆர்கன் இருக்கும். எங்களுக்கு ஸ்டீல்தான். மேசைமாதிரி கால் வைத்த கிதார் அது, தந்திகள் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துத் தந்திமேல் இழுப்பாள். வலது கைவிரல் மீட்டும். பாதம் பெடலை மிதிக்கும். முழங்கால் பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளும். நாலு அங்கமும் வேலை செய்தால்தான் அது பெண்பிள்ளை அழுகிறமாதிரி அழும். அதனால் உட்கார்ந்துதான் வாசிக்கமுடியும்.

போன வருஷம் சோளம் பெட்டியில் அடுக்குகிற கொட்டகையில் வழுக்கி விழுந்தாள். அதன்பிறகு நிற்கமுடியும், நடக்கமுடியும், படுக்கமுடியும். உட்கார முடியாது. ஐந்து நிமிஷத்தில் முகம் சாம்பலாகிவிடும். எங்கேயாவது போகவேண்டுமென்றால் என் வேனின் பின்பக்கம் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டுதான் வருகிறாள்.

ஜனவரியில் என்னிடம் வந்தாள்.

"ரோசெல், இதுக்குக் கால உயர்த்திக் குடு. நான் நின்னு வாசிக்கப்போறேன்."

"கால உயர்த்தலாம். உன் முழங்கால எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"முழங்காலுக்கு வேலை வேண்டாம். அந்த வேலைய உள்ளங்கைக்குக் குடு."

"ரெண்டு கையும் ஏற்கெனவே வேலையா இருக்கே தாயே. மூணாவது கை வச்சிருக்கியா?"

"கையோட அடிப்பக்கம் சும்மாதானே கிடக்கு? நீ ஆலைல சும்மா கிடக்கறமாதிரி."

அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆலையில் தூக்கிப்போட்ட குழாயில் கால் செய்தேன். இடுப்பு உயரம் வந்தது. முழங்கால் நெம்புகோல் இரண்டையும் கழற்றி, தந்தி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கைப்பிடிகளாக வைத்து, சைக்கிள் பிரேக் கம்பியால் இணைத்தேன். மூன்று பெடலில் ஒன்றை எடுத்துவிட்டேன். இடது காலில் நிற்பாள், வலது பாதம் மிச்சம் இரண்டைப் பார்த்துக்கொள்ளும். பெடலிலிருந்து மேலே போகிற இழுகம்பி மட்டும், துண்டு வைத்துப் பற்றவைத்ததில், ஒன்பது அங்குலம் நீளமாகிவிட்டது. நீளக் கம்பி வளையும். வளைந்தால் தட்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.*

* குழுவுக்கு இது வேண்டாம். ஆனால் இதை விட்டுவிட்டால் பிற்பாடு நடந்தது புரியாது.

முடித்ததும் அவள் இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தாள். "மடியில வைக்கிற கிதாரும் இல்ல, பெடல் கிதாரும் இல்ல. கோவேறு கழுதையப் பெத்து வச்சிருக்க" என்றாள். பிறகு அரைமணி நேரம் வாசித்தாள், முகம் மாறாமல். ஒரு வருஷத்தில் முதல்தடவை. நான் வெளியே போய் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை.)

4

இப்போது எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். இதை எழுதத்தான் ஆறு தாள் போயிற்று.

எங்கள் சபையில் ஸ்டீல்காரர் உட்கார்ந்தே இருப்பார். எப்போதாவது எழுவார். எழுந்தால் பெடலும் போச்சு, நெம்புகோலும் போச்சு. உருளையும் தந்தியும்தான் மிச்சம். பாதி வாத்தியத்தைக் கைவிட்டு வாசிக்கிற யாரும் வேண்டுமென்று எழமாட்டார்கள். ஆகவே ஸ்டீல் எழுந்தால் ஆவியானவர் எழுப்பினார் என்று அர்த்தம். சபை முழுவதும் எழும். ஸ்டீல்காரர் உட்காருகிறவரை ஒருத்தரும் உட்காரக்கூடாது. யாரும் இதை எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த சட்டத்தையாவது நாங்கள் மீறியிருக்கிறோம், இதை மீறியதில்லை.

அதனால் பாஸ்டர் ஹோரேஸ் டில்மன் அந்த ஞாயிறு முதலிலேயே சொல்லிவிட்டார். "பிரியமானவர்களே, சிஸ்டர் வஸ்தி நிக்கறது இடுப்புக்காக. ஆவிக்காக இல்ல. தயவுசெஞ்சு எல்லாரும் உட்கார்ந்திருங்க."

"பாஸ்டர், அவ ஆவிக்காகவே நின்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கேட்டார்.

"அப்ப அவ உட்காருவா" என்றாள் வஸ்தி. சிரிப்பில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை.

உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

5

(இந்தப் பகுதியை நான்குதடவை எழுதினேன். இது ஐந்தாவது.)

நான் இரண்டாம் வரிசை. பாஸ்டர் பிரசங்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாக்கியம் முடிக்க, அதே வாக்கியத்தை வஸ்தி தந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இழுகம்பி. பற்றவைத்த இடம் விடுகிறது என்று நினைத்தேன். அறுந்தால் அவள் பாதத்தின்மேல் விழும்.

எழுந்தேன்.

அவ்வளவுதான். குனிந்து பார்க்கத்தான் எழுந்தேன். ஆனால் என் பின்னால் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? அந்தக் கழுதையைச் செய்தவனே இவன். அது எதற்கு நிற்கிறது என்று இவனைவிடத் தெரிந்தவன் யார்? இவனே எழுகிறான் என்றால்!

மூன்றாம் வரிசை எழுந்தது. நான்காவது எழுந்தது. "ஸ்தோத்திரம்!" என்று யாரோ கத்தினார்கள். மொத்தச் சபையும் எழுந்துவிட்டது. சிலர் ஆட ஆரம்பித்தார்கள். ஆடுகிறவர் ஒருத்தர் இருந்தாலும் ஸ்டீல் நிறுத்தக்கூடாது, அதுவும் வழக்கம். அவள் நிறுத்தவில்லை. உட்காரவும் முடியாது. அவள் உட்காராமல் நாங்கள் உட்கார முடியாது. இரண்டு மணி நேரம்.

எண்பத்தொரு வயது சிஸ்டர் ஓடம், வீங்கின காலோடு நின்று, கடைசியில் சரிந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அழுதார். வலிக்காக இல்லை. ஆவியானவர் நிற்கும்போது தான் உட்கார்ந்துவிட்டோமே என்று அழுதார்.

6

பாஸ்டரை முதலில் கெட்டவராக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். சிஸ்டர் ஓடத்தைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியது அவர்தான். அவருக்கே அறுபத்தாறு வயது. மறுநாள் அவர் என்னிடம் சொன்னது இதுதான்:

"பிரதர் காஸ்கின், எனக்கு வஸ்திமேல கோபம் இல்ல. ஆனா அவ நின்னா நாங்க நிக்கணும். அவ உட்காரவே மாட்டா. அப்ப நாங்க எப்பய்யா உட்கார்றது?"

"மறுபடி சொல்லிப் பார்க்கலாமே பாஸ்டர்."

"சொன்னேனே. நீதானே எழுந்த?"



விஷயம் வட்டாரக் குழுவுக்குப் போயிற்று. அவர்கள் முடிவு எளிது. முதலில் எழுந்தவனை ஆவியானவர் எழுப்பியிருந்தால் அதில் குற்றம் காண மனுஷருக்கு அதிகாரமில்லை. வஸ்தி நின்றே வாசிக்கலாம். வேறு காரணமென்றால் நின்று வாசிக்கிற வாத்தியம் சபைக்கு இடறல். அது உள்ளே வரக்கூடாது. அடுத்த ஊர்ச் சபையிலிருந்து உட்கார்ந்து வாசிக்கிற ஒருவரை அனுப்புவார்கள்.

ஆக, ஒரு வார்த்தை எழுதினால் அவள் இடம் இருக்கும். இன்னொன்று எழுதினால் இருக்காது. எழுத்துப் படிக்காமலே இருந்திருக்கலாம். கைநாட்டு வைக்கிறவனிடம் இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

7

முடிவு, ஒன்று: "ஆவியானவர் எழுப்பினார்" என்று எழுதுகிறேன். வஸ்தி நின்று வாசிக்கிறாள். எல்லோரும் மகிழ்கிறார்கள்.

முடிவு, இரண்டு: "இழுகம்பியில் சத்தம் கேட்டது" என்று எழுதுகிறேன். வஸ்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறாள், வேறொருவர் வாசிப்பதைக்

(இதை முடிக்க முடியவில்லை.)

வியாழக்கிழமை அவள் வந்தபோது இரண்டையும் படித்துக்காட்டினேன். அவள் தரையில் படுத்துக்கொண்டு கேட்டாள். நான் பொரித்த கெளுத்திமீனை ஒரு தட்டில் அவள் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"மொதலாவத எழுதாத" என்றாள்.

"எழுதினா நீ வாசிக்கலாம்."

"வாசிக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் உன் பொய்மேல நின்னு வாசிக்கணும். ஒத்தக்கால்ல நிக்கறவளுக்கு அது தாங்காது."

"அப்ப ரெண்டாவது?"

அவள் மீன் முள்ளை எடுத்து ஓரம் வைத்தாள். "வாத்தியம் இல்லன்னா அந்தச் சபைல நான் யாரு தெரியுமா? இடுப்புவலிக்காரி. எல்லாரும் வந்து 'எப்படி இருக்கு சிஸ்டர்'னு கேப்பாங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு நான் என்ன எழுதட்டும், சொல்லேன்!"

"கத்தாத, பிரதர் காஸ்கின்." கோபம் வந்தால்தான் அவள் என்னை பிரதர் என்பாள். "அந்த ரெண்டாவதும் முழுசு இல்ல. நான் உன்னப் பார்த்துட்டுதானே வாசிச்சேன்? நீ எழுந்த. கம்பியக் குனிஞ்சு பார்த்த. அப்புறம் நிமிர்ந்த. அதுக்கப்புறம் என்ன?"

"அதுக்கப்புறம் எல்லாரும் எழுந்துட்டாங்க."

"இல்ல. மூணாம் வரிசை எழறதுக்கு முன்னாடி. ஒரு மூச்சு நேரம் நீ மட்டும்தான் நின்ன."

நான் மீன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அதில் இன்னும் இரண்டு துண்டு இருந்தது.

8

சரி. யாரும் கேட்காததை எழுதுகிறேன்.

கம்பி நன்றாகத்தான் இருந்தது. பற்றவைத்த இடம் விடவில்லை. அவள் செருப்பு பெடலின் ஓரத்தில் பட்டிருக்கிறது, அதுதான் சத்தம். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. உட்கார்ந்திருக்கலாம். பின்னால் இருப்பவர்கள் "காஸ்கினுக்குக் கால் மரத்துப்போச்சு போல" என்று நினைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

உட்காரவில்லை.

ஏன் என்று பதின்மூன்று நாளாக என்னையே கேட்கிறேன். நான் செய்த சாமான் எல்லார் முன்னாலும் பாடுகிறதே என்ற பெருமையா? இருக்கலாம். அவள் முகத்தில் வலியில்லாததைப் பார்த்ததாலா? அதுவும் இருக்கலாம். அல்லது என் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை என்பதா? அப்படியும் இருந்தது. கொதிகலனில் நீராவி ஏறும்போது கையை வைக்காமலே இரும்பு சொல்லும், ஏறிவிட்டது என்று. அப்படி ஏதோ. (இந்த உவமை எனக்குப் பிடிக்கவில்லை. வேறு தெரியாது.)

பெருமை என்று எழுதினால் அவளுக்கு இடம் போகும். ஆவியானவர் என்று எழுதினால், அது பெருமையாகவே இருந்திருந்தால், நான் யார் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டவன்? எனக்குச் சரியாக எழுதவரும் சொல் "தெரியாது" ஒன்றுதான். குழுவின் தாளில் அதற்கு ஒரு முடிவு வைத்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் கேட்டிருப்பது எதனால் எழுந்தீர் என்று. எதனால் உட்காரவில்லை என்று இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன் உண்மையைச் சொன்னவனாவானா? வாசிக்கிற நீங்களாவது

9

மணி ஒன்பதரை. வஸ்தி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எழுதியாச்சா? இல்ல, பைபிள் அளவுக்குப் போகுதா?"

"வேன்ல ஏறு. வரேன்."

"மெத்தைய உதறினியா? போன தடவை ஒரு திருகாணி என் முதுகுல தூங்கிட்டு இருந்தது."

குழுவின் தாளைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கேள்விக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு கோடு இடம் வெறுமையாக இருக்கிறது. அதன்மேல் இந்தப் பதினெட்டுத் தாளையும் அடுக்கி, பேனாவைச் செருகி, ஏறியதும் அவளிடம் கொடுக்கப்போகிறேன். குழு கூடுகிற இடத்துக்கு நாற்பது நிமிஷ ஓட்டம். அவள் என்னைவிட வேகமாகப் படிக்கிறவள். பாதிவழியில் எட்டாம் பகுதிக்கு வந்துவிடுவாள்.

அவள் எழுதினால் அது என் பதில் இல்லையே என்பீர்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் இரண்டு கோட்டையும் நிரப்பலாம், வெறுமையாகவே விடலாம், எல்லாத் தாளையும் ஜன்னல் வழியாக விட்டெறியவும் செய்யலாம். அவள் எழுதுவதை நான் குழுவின் முன்னால் என் வாயால் படிப்பேன். அதுமட்டும் நிச்சயம்.

நான் சாலையைப் பார்த்து ஓட்டவேண்டியவன். திரும்ப முடியாது. வாசிக்கிற நீங்கள் அவளோடு பின்னால் இருக்கிறீர்கள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றுகிறாளா, பாருங்கள்.