ஒன்பதாவது கலயம்

அத்தாயி கணவனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் வீரபாகு வாசலில் வந்து நின்றார். கையில் வாரண்டு.

"பொன்னன் எங்கம்மா? நேத்து திருச்செங்கோட்டுக் கோர்ட்டுல மூணு தடவ கூப்புட்டாச்சு."

"நீங்களும் ஒருக்காக் கூப்புட்டுப் பாருங்க சாமி," என்றாள் பொன்னனின் அக்காள் கந்தம்மாள். "எந்திரிச்சு வாரானான்னு பாக்கலாம்."

வீரபாகு அப்போதுதான் வாய்க்கட்டைக் கவனித்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்பம்மா?"

"விடியக்காலமுங்க," என்றாள் அத்தாயி. "பத்து நாளாக் காய்ச்சல். அதோடயே ஒரு வாய்தாவுக்கு நடந்து போயிட்டு வந்தாருங்க."

ஜில்லாவில் கள்ளை நிறுத்திய பிறகு பொன்னன் பதநீர்தான் இறக்கினான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஏறுவது அவன், தடவுவது அத்தாயி. சித்திரையில் ஒருநாள் காலை மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் கலயங்களை வரிசையாக இறக்கிவைத்து, ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். எட்டில் விரல் வெள்ளையாக வந்தது. ஒன்பதாவதில் வரவில்லை. முந்தின நாள் சுண்ணாம்பு தீர்ந்துபோய், கரைத்து வந்து தடவலாம் என்று அவள் ஒதுக்கிவைத்த கலயம். மறந்துவிட்டாள்; அவன் அதையும் சேர்த்து எடுத்துப்போய்க் கட்டிவிட்டான். அவள் வாய் திறக்குமுன், "நாந்தானுங்க மறந்துட்டேன்" என்றான் பொன்னன். கள் இறக்கி விற்றதாக வழக்கு எழுதினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவறது நானுங்க," என்றாள் இப்போது. "அத எழுதிக்கங்க."

"இனி எதுக்கும்மா? ஆள் போனா கேஸும் போச்சு. மூடிருவாங்க."

"கள்ளு வித்தவன்னு எழுதியிருக்கறதுங்க?"

வீரபாகு வாசற்படியில் உட்கார்ந்தார். வாரண்டின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுதினார். அதைப் படிக்க அவளுக்குத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குயவர் வீட்டிலிருந்து கொள்ளிக்குடத்துக்குப் புதுக் குடம் வந்தது. கந்தம்மாள் அதை அவளிடம் நீட்டினாள்.

"தண்ணி ஊத்தி வையி."

அத்தாயி குடத்துக்குள் கையை விட்டு உட்பக்கத்தைச் சுற்றித் தடவினாள். விரலை வெளியே எடுத்து வெயிலில் பார்த்தாள்.

"என்ன, ஓட்ட கீட்ட இருக்குதா?"

"இல்லீங்க," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.