கண்ணுசாமி பேரில் ஒன்பது வருஷம்

திருச்செங்கோட்டில் பஞ்சு அரைக்கும் ஆலையை மூடிவிட்டார்கள். சேலத்துப் புது மில்லில் பாய்லருக்குக் கரி தள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலை பார்த்ததற்குச் சீட்டு வாங்கப் போனான் அங்கமுத்து. சீட்டில்லாதவனை அங்கே வாசலோடு திருப்பி அனுப்புகிறார்களாம்.

பாய்லர் பக்கமே வந்தறியாத பழைய ஆலைக் குமாஸ்தா கைலாசம் ஆள் பதிவைப் புரட்டினார்.

"அங்கமுத்துன்னு யாருமில்லீப்பா. பாய்லருக்குக் கண்ணுசாமிதான். அவன் நேத்தே வந்து சீட்டு வாங்கீட்டுப் போயிட்டான்."

அங்கமுத்துவுக்கு வயிறு பற்றிக்கொண்டது. கண்ணுசாமி அவன் பெரியப்பன் மகன். ஒன்பது வருஷத்துக்கு முன் நாலே நாள் வேலைக்கு வந்து காய்ச்சலில் விழுந்தவன். இடம் போய்விடக் கூடாதென்று பதிலாளாகப் போனவன் அங்கமுத்து. கண்ணுசாமி என்று கூப்பிட்டால் 'ஏனுங்க' என்பான். காய்ச்சல் விட்டவன் கடலைக்காட்டோடு நின்றுகொண்டான். பேரை மாற்றச் சொல்ல அங்கமுத்துவுக்கும் தோன்றவில்லை. கூலி வந்தது, போதும் என்றிருந்தான்.

நேரே கண்ணுசாமி வீட்டுக்குப் போனான்.

"நெருப்புல வெந்தவன் நானுங்க அண்ணா."

"பேரு என்னுதுதானடா. ஒம்பது வருசம் எம்பேர வெச்சுச் சோறு தின்னயே, நான் கேட்டனா?"

அங்கமுத்துவின் கையெல்லாம் பொறி சுட்ட தழும்பு. சீட்டைப் பிடித்திருந்த கண்ணுசாமியின் கையிலோ ஒரு மயிர்கூடக் கருகியதில்லை.

மறுநாள் கண்ணுசாமி ஏறிய பஸ்ஸிலேயே அவனும் ஏறினான். அண்ணன் அவமானப்படுவதைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றிருந்தது.

சேலத்தில் மில் இஞ்சினீயர் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணுசாமியிடம் கரி அள்ளும் சவளைக் கொடுத்தார். அவன் கரியை உலை வாசலிலேயே குவித்தான். புகை திரண்டது, நெருப்பு அவிந்துகொண்டு வந்தது. கரிக்கூலிகளோடு உள்ளே நுழைந்து நின்ற அங்கமுத்துவுக்கு முதலில் மனசு குளிர்ந்தது. பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. சவளைப் பிடுங்கிக் கரியை மெல்லிசாகப் பரத்தினான். தணல் எழும்பியது.

"உன் சீட்டு எங்கே?" என்றார் இஞ்சினீயர்.

"இவர் குடுத்ததே என் சீட்டுத்தானுங்க."

"பேரு?"

தன் பேர் நாக்கு வரை வந்தது. சொன்னால் வேலை இல்லை.

"கண்ணுசாமிங்க."

"அப்ப நீ யாரு?" என்று மற்றவனைப் பார்த்தார்.

கண்ணுசாமி சொன்னான்: "அங்கமுத்துங்க."

கண்ணுசாமியை வெளியே போகச் சொன்னார்கள். போகிற போக்கில் அங்கமுத்துவின் அருகே வந்து சொன்னான்:

"எம்பேரக் கெடுத்துப் போடாதடா. பாத்து வேல செய்யி."

வேலை கிடைத்த அன்றும் அங்கமுத்துவுக்கு வயிற்றெரிச்சல்தான். ஊருக்குத் திரும்பிப் போகிறவனுக்குக் கடலைக்காடு இருக்கிறது. பேரும் இருக்கிறது.