வேரோடு ஒரு மல்லிகை

கனகாம்பிகை ஜப்பானியரின் பரிசு வழக்கங்களை ஜெர்மனியில் கற்றவள். டுசல்டோர்ஃப் நகரத்து ஜப்பானியச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் ஒன்பது வருடம் கோப்பை கழுவினாள். பிறகு லண்டனுக்கு வந்து, பிக்கடிலிப் பக்கமுள்ள ஜப்பானியப் பரிசுக்கடையில் பொதி சுற்றும் மேசையில் ஆறு வருடம். பரிசை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது, நாலு பொருளாகக் கொடுக்கவே கூடாது, நாலின் ஓசை அவர்களுக்குச் சாவின் ஓசை. எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அதே மேசையில் நின்று சுற்றுபவள் றோஸ்மலர். மன்னார்ப் பிள்ளை. வேலைக்கு வந்து ஒரு வருடம்தான், ஆனால் கை என்றால் அப்படி ஒரு கை. ஒட்டுவதற்குச் செலோரேப் ஒரே ஒரு துண்டு போதும் அவளுக்கு, தாளில் ஒரு சுருக்கம் விழாது. மேலாளர் நிஷிதா அம்மா அந்தப் பொதிகளை வாடிக்கையாளருக்குத் தூக்கிக் காட்டுவார். காட்டும்போதெல்லாம் கனகாம்பிகைக்கு வயிறு எரியும்.

2006 யூலை. ஜப்பானியர் நடுவருடப் பரிசு அனுப்பும் காலம் முடிந்ததும் அந்த மேசைக்கு ஒரு ஆள் போதும் என்று கடை சொல்லிவிட்டது. யார் என்பது நிஷிதா அம்மாவின் கையில். றோஸ்மலரின் புருசன் பெனடிக்ற் முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறான், அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கனகாம்பிகைக்கோ ஐம்பத்தாறு வயது. இனிமேல் யார் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து நிஷிதா அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் ரயிலில், செவன் கிங்ஸில் ஏறிய றோஸ்மலர், ஃபாரஸ்ட் கேட்டில் ஏறிய கனகாம்பிகைக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, மனுசியைப் பாக்கப் போகேக்கை என்ன கொண்டு போறது? வெட்டின பூ ரெண்டு நாளில வாடிப்போடும். வருத்தக்காரி அதைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது வடிவில்லை. சட்டியோட ஒரு மல்லிகை வாங்குவமோ? வேர் இருக்கு, தளிர்க்கும்.”

கனகாம்பிகை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நோயாளிக்கு வேருள்ள செடியை ஜப்பானியர் கொடுக்கவே மாட்டார்கள். வேர் மண்ணைப் பிடிப்பதுபோல நோயும் ஆளைப் படுக்கையோடு பிடித்துக்கொள்ளட்டும் என்று பொருளாகிவிடும். வேண்டாம் பிள்ளை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“நல்ல யோசனை றோஸ்,” என்றாள். “பெரிய சட்டியா வாங்கும். வேர் நல்லா ஓடினதாப் பாத்து எடும்.”

“நீங்களும் வாறீங்களோ அக்கா?”

“வராமல்? இதைப் பாக்காமல் விடுவனே!”

றோஸ்மலர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, வெள்ளை மொட்டு நிறைந்த சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். கனகாம்பிகையும் கூடவே அறைக்குள் நுழைந்தாள். நிஷிதா அம்மாவின் கண் சட்டி மண்ணில் ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். படுத்த படுக்கையில் தலை வணங்கி, இரண்டு கையாலும் வாங்கி, “எவ்வளவு மணம்!” என்றார் ஆங்கிலத்தில். மண்ணில் நின்ற அந்தப் பார்வையைக் கவனித்த கனகாம்பிகைக்கு உள்ளம் குளிர்ந்தது.

அப்போதுதான் இலைகளுக்கிடையில் செருகியிருந்த அட்டையைக் கண்டாள். இரண்டு பெயர்கள். முதலாவது அவளுடையது.

லிஃப்டுக்குள் போனதும் பாய்ந்தாள். “ஆரைக் கேட்டு என்ர பேரைப் போட்டனீர்?”

“வயசுக்கு நீங்கள்தானே அக்கா முன்னுக்கு. எனக்கு வேலை பழக்கினதும் நீங்கள்தானே. எங்களில ஒராளைத்தான் வைச்சிருக்கப் போகினம். ஆரெண்டாலும் கோவமில்லாமல் பிரிவம் எண்டு நினைச்சன்.”

அடுத்த நாள் வேலை முடிய, ஒருவருக்கும் சொல்லாமல், அழகாகச் சுற்றிய பழப்பெட்டியோடு கனகாம்பிகை தனியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறையில் மல்லிகை இல்லை.

“அந்தச் செடி என்னுடையதில்லை, அம்மா. என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டுவிட்டாள். அவளுக்கு உங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. நான் என்றால் வேருள்ள செடியை நோயாளியிடம் கொண்டு வருவேனா?”

“உங்களுக்குத் தெரியுமா, அது?” நிஷிதா அம்மா மெதுவாகக் கேட்டார்.

“ஜெர்மனியில் இருந்த காலத்திலேயே தெரியும். பதினைந்து வருடமாகத் தெரியும்.” சொல்லும்போது அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

“அப்படியா. நேற்று அவள் சட்டியோடு இந்தக் கதவால் வந்தபோது, நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள்.”

கனகாம்பிகை பழப்பெட்டியை அவசரமாகக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். நிஷிதா அம்மா கோபிக்கவில்லை. “வந்ததற்கு மிகவும் நன்றி. களைத்திருப்பீர்கள்,” என்று தலை வணங்கினார்.

செவ்வாய் மத்தியானம் றோஸ்மலர் ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

“இது உங்களுக்கு, அக்கா. மனுசி போன் அடிச்சு, கடையில இருக்கிறதிலயே விலை கூடின தேயிலைப் பெட்டியை உங்கட பேருக்குச் சுத்தச் சொன்னவ. இண்டைக்கே குடுக்கட்டாம். எனக்கு ஒண்டும் சொல்லேல்லை.” உதட்டைக் கடித்தாள். “விளங்கிட்டுது. உங்களைத்தான் வைச்சிருக்கப் போறா. எனக்குச் சந்தோசம்தான்.”

கனகாம்பிகை இரண்டு கையாலும் வாங்கினாள். கை கனத்தது. ஜப்பானிய வழக்கத்தில் நோயாளி கைமாறு அனுப்புவது சுகமாகி வீட்டுக்குப் போன பிறகு. அதுவும் வாங்கியதில் பாதிப் பெறுமதிக்கு. படுக்கையை விட்டு எழும்ப முன்னமே, அவசர அவசரமாக, பல மடங்கு விலையில் ஒன்று வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட பெட்டி வந்து முகம் வெளுத்துப்போன ஜப்பானியப் பெண்களை அவள் டுசல்டோர்ஃபில் கண்டிருக்கிறாள்.

வேலை றோஸ்மலருக்குத்தான். கடையில் அதை அறிந்தவள் கனகாம்பிகை மட்டுமே.

“வீட்டில அவருக்கு என்னெண்டு சொல்லுறது அக்கா?” றோஸ்மலர் சுற்றுத்தாள்களுக்கு மேல் கவிழ்ந்து விம்மினாள். “அந்த மனுசன் ஏற்கெனவே தன்னால பாரம் எண்டு அழுகுது.”

கனகாம்பிகை அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அழாதையும் றோஸ். உமக்கு இன்னும் பழக்கம் போதாது, அதுதான்,” என்றாள்.

யாருக்கு வேலை என்று சொல்லும் கடையின் கடிதம் வெள்ளிக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.