மேசையின் உயரம்

ஏழு வருஷமாக என் இடுப்புவலிக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மச்சான் ஆபரேஷன் என்றார். வெட்டுப்படப்போவது அவர் முதுகா என்ன? அக்கா, ஊசியே போதும் என்றாள். கடைசியில் டாக்டரிடமே கேட்டேன்.

அவர் ஸ்கேனைப் பார்த்தார், என் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"கால் மரத்துப்போகல, பலமும் குறையல. ஆபரேஷனுக்கு இப்ப அவசியமே இல்ல. ஊசி போட்டா கொஞ்ச நாள் வலி குறையலாம், திரும்ப வரும். முதல்ல மூணு மாசம் உடற்பயிற்சி செய்யுங்க. ஆமா, என்ன வேலை பாக்குறீங்க?"

"தச்சு வேலைங்க."

"நீங்க நின்னு இழைக்கிற மேசை என்ன உயரம்?"

எனக்குத் தெரியவில்லை. வருகிறவர்களை எல்லாம் நிற்கவைத்து, முழங்கை உயரம் அளந்து மேசை செய்து கொடுக்கிறவன் நான். என் மேசையோ, பட்டறையில் எனக்கு முன்னால் இருந்த குள்ளமான தச்சர் விட்டுப்போனது. ஓசியில் கிடைத்ததை யார் அளப்பார்கள்?

அன்றைக்கே அதன் கால்களுக்குக் கட்டை கொடுத்து அரையடி உயர்த்தினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். தொட்டியில் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"டேப் கையிலதானே இருக்கு? இந்தத் தொட்டி மேடையையும் அளந்துடுங்க. எனக்கும் முதுகு வலிக்குதுன்னு எத்தனை வருஷமா சொல்றேன்!"

அளந்தேன். என் மேசையின் பழைய உயரத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்வு. கல்யாணமான புதிதில் அவளுக்காக நானே செய்த மேடை அது. அவளை மட்டும் நிற்கவைத்து அளக்கவில்லை.