தொண்ணூற்று மூன்று டிகிரியில் முருகவேல்

1

இந்தக் கதை ஒரு சொட்டுத் தண்ணீரில் பிறந்தது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். பொய். இது பயத்தில் பிறந்தது. போன மாதம் என் கம்ப்யூட்டரில் தண்ணீர் ஒழுகியது. அப்போது நான் கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன். அது என்ன என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன், வெட்கமாக இருக்கிறது. அதனால் முருகவேல் என்று ஒருவனைப் பிடித்து என் இடத்தில் நிறுத்துகிறேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

2

முதல் தொடக்கம்: 'பௌர்ணமி நிலவு மலைமேல் ஏறிய அந்த...' வேண்டாம். இது சாயங்காலம் நாலு மணிக் கதை. நிலா இன்னும் வரவே இல்லை.

இரண்டாவது தொடக்கம். முருகவேலுக்கு முப்பத்து நாலு வயது. ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் மனைவி அருணாதேவியோடு குடியிருக்கிறான். அனிமேஷன் படம் செய்கிறவன். தன் கம்ப்யூட்டரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

(இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். வேகம் கூடினால் கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், சூடு ஏறும். சூட்டை இறக்க ஒரு பம்ப், சில குழாய்கள், அவற்றுக்குள் ஓடும் தண்ணீர். அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் காவலும் உண்டு. வேலை நடுவில் நின்றுவிடக் கூடாதென்று அந்த அளவையும் நம்ம ஆள் ஏற்றி வைத்திருந்தான்.)

மூன்று நாள் ஓட வேண்டிய வேலை. இரண்டு நாள் முடிந்திருந்தது. காலையில் குழாய் மூட்டில் லேசாக ஈரம் தெரிந்தது. நிறுத்தினால் இரண்டு நாளும் வீண். துண்டால் துடைத்தான். சுவிட்சின் மேல் ஒரு சீட்டு ஒட்டினான்: 'என்ன ஆனாலும் ஆஃப் பண்ணாதே.'

"மலை சுத்திட்டு வந்துடறேன். இது நல்லபடியா முடியணும்னு வேண்டியிருக்கேன். மெஷின் பக்கம் போகாத, இன்னா?"

"நான் ஏன் போறேன்? உங்க சாமி, நீங்களே பார்த்துக்கோங்க" என்றாள் அருணாதேவி.

3

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தைத் தாண்டியபோது, வீட்டு மெஷினின் சூட்டைக் காட்டும் ஆப் 78 என்றது. பத்தடி நகர்வதற்குள் 86. எண் மட்டும் எப்படியோ வந்து விழுகிறது. அவளுக்குப் போன் போட்டால் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் எத்தனை லட்சம் போன்களோ.

சூடு ஏறுகிறதென்றால் குழாயில் தண்ணீர் குறைகிறது. குறைந்த தண்ணீர் எங்கே போகும்? தரைக்கு. தரையில் என்ன கிடக்கிறது? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அருணாதேவி வீட்டுக்குள் செருப்புப் போட மாட்டாள். ஈரத்தைக் கண்டால் பொறுக்காது, துணியை எடுத்துவிடுவாள். அதற்கு முன்னால் சுவிட்சை அணைக்கலாம். எப்படி அணைப்பாள், சீட்டு ஒட்டியிருக்கிறதே. ஐயோ, அவனே எழுதிய சீட்டு.

93.

முன்னால் நடந்தால் வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். திரும்பினால் மூன்றுகூட இல்லை. ஆனால் திருவண்ணாமலையில் யாரும் மலையை இடப்பக்கம் விட்டு நடப்பதில்லை. அதுவும் வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டு. முருகவேல் கும்பிட்ட கையோடு திரும்பினான்.

"யோவ், எதிர்க்க வர்றியே! மலை சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும்னு தெரியாது?"

"வீட்ல தண்ணி ஒழுவுதுண்ணே, வழி வுடுங்க!"

தோள்கள் இடித்தன. ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் ஓடினான். அவளுக்காக ஓடினானா, அந்த இரண்டு நாள் வேலைக்காக ஓடினானா? அவனைப் படைத்த எனக்கே

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.)

4

என் மனைவி தென்றல் பின்னால் நின்று இதுவரை படித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு அவ்ளோ மக்கா? மெயினை ஆஃப் பண்ண மாட்டாளா?"

"சீட்டு ஒட்டியிருக்கானே."

"ஆமா இல்ல. நானும் அன்னிக்கு உங்க சீட்டைப் பார்த்துட்டுதான பத்து நிமிஷம் நின்னேன். ஈரத்துல."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து போய் என் சுவிட்சின் மேலிருந்த சீட்டைக் கிழித்தேன். முருகவேலின் சீட்டையும் ஒரே வரியில் கிழித்துவிடலாம், எழுதுகிறவன் நான்தானே. கிழித்தால் நான் தப்பித்துக்கொள்வேன்.

5

முடிவு அ: கரண்ட் தானாகவே போய்விட்டது. அருணாதேவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். (இது என் ஆசை. கதை இல்லை.)

முடிவு ஆ: அவள் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தபோது— (மாட்டேன். சத்தியமாக எழுத மாட்டேன்.)

முடிவு இ எழுதுவதற்கு முன் அந்தக் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் வெளியே இருந்தேன். தென்றல் போன் செய்து, "மெஷின்ல இருந்து தண்ணி ஒழுவுதுங்க" என்றாள். நான் கேட்டேன்: "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலியே?"

அவ்வளவுதான். அவள் எப்படி இருக்கிறாள் என்று போனை வைக்கும்வரை கேட்கவில்லை.

இப்போது முருகவேல் மாடிப்படி ஏறிவிட்டான். மூச்சு வாங்குகிறது. கதவு சாத்தியிருக்கிறது. கதவுக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் பாதத்தைத் தொடுகிறது. உள்ளே சத்தமே இல்லை. அவன் வாயில் என் கேள்வி தயாராக இருக்கிறது, நான்தானே வைத்தேன். அவள் பெயரும் இருக்கிறது.

நான் கையை எடுத்துவிட்டேன். முதல் வார்த்தையை நீங்கள் போடுங்கள். சீக்கிரம், அவள் வெறுங்காலோடு இருக்கிறாள்.